பச்சையப்பனின் சனிக்கிழமை வேண்டுதல்

"இன்னாய்யா இது, சட்டை முழங்கையில ஊதா கலரு?"

சூப்பர்வைசர் ஜெபகுமார் இப்படிக் கேட்டபோது பச்சையப்பன் ஒரு வால்வை இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் வலது கைக்காரன் என்பது லைனுக்கே தெரியும்.

ஊதா நிறம் வெட்பாலைத் தைலத்தினுடையது. முழங்கையில் செதில் செதிலாக உதிர்கிற தோலுக்காகப் பூசியது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வலது கையைப் பற்றி வரும். அந்தக் கையின் நடுவிரலும் மோதிர விரலும் பஜ்ஜிக்கு வாங்கிய வாழைக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த வால்வு கம்பெனியில் பச்சையப்பன் பல வருஷமாக டெம்பரரி. தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பெயர் கொடுப்பது ஜெபகுமார். வீங்கின விரலையும் உதிர்கிற தோலையும் பார்த்தபின் எந்த மகராசன் பர்மனென்ட் ஆக்குவான்? தொத்து வியாதி என்று கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட மாட்டானா?

ஆகவே வாயில் முதலில் வந்ததைச் சொன்னான்.

"வேண்டுதல் சார். குன்றத்தூர் முருகனுக்கு."

"முருகனுக்கு ஊதா எண்ணெயா?"

"எங்க வூட்டு வழக்கம் சார்."

ஜெபகுமார் கிறிஸ்தவர். அடுத்தவர் சாமி விஷயத்தில் குடைந்து கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவர். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வைத்தியத்தில் பச்சையப்பன் குறை வைக்கவில்லை. சுளுக்கு என்று எண்ணி ஒரு அம்மாவிடம் விரலைக் கொடுத்தான். அவர் நீவிய நீவலில் ஒரு விரல் வீக்கம் இரண்டு விரலானது. கடைத்தெரு டாக்டரின் ஊசியில் இரண்டு நாள் பறந்தான். அதன் பிறகு விட்டுப்போன வலியெல்லாம் வட்டியோடு வந்தது. கடைசியில் மனைவி அலமுதான் அவனை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டரம்மா விரலை விட்டுவிட்டு நகத்தைப் பார்த்தார். நகமெல்லாம் குண்டூசியால் குத்தினமாதிரி புள்ளி.

"தோல் வியாதியும் மூட்டு வலியும் வேற வேற இல்லப்பா. சோரியாசிஸ்தான் மூட்டையும் பிடிச்சிருக்கு. யாருக்கும் தொத்தாது. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம்."

"எப்பிடிம்மா அடக்கறது?" என்றாள் அலமு.

"தோலுக்குக் களிம்பு. வலிக்கு ஒரு மாத்திரை, சாப்பிட்டதும். விரலை மடக்கி நீட்டிப் பழகணும். எல்லாத்தையும்விட இந்தச் சின்ன மாத்திரை முக்கியம். வாரத்துல ஒரே நாள்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. சொல்றப்போ வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும். குடி கூடவே கூடாது. பலன் தெரிய ரெண்டு மாசம் ஆகும்."

வெளியே வந்ததும் பச்சையப்பன் முனகினான். "ரெண்டு மாசம் எப்பிடிடி மறைக்கறது?"

"மறைக்கறது உன் பாடு. மாத்திரை போட வெக்கறது என் பாடு. சனிக்கெழமைன்னு வெச்சுக்கோ."

முதல் சனிக்கிழமையே சம்பள நாளாக வந்து சேர்ந்தது.

"வா மாமே, ஒரு குவார்ட்டர் போட்டுக்கினு போலாம்" என்றான் பக்கத்து மெஷின் மோகன்ராஜ்.

"வேணாம்பா. வேண்டுதல்."

பச்சையப்பன் குவார்ட்டரை மறுத்து மோகன்ராஜ் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை மதியத்துக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அதற்குப் பிறகு பச்சையப்பன் பொய்யே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் உடம்பே அவனுக்காகப் பொய் சொன்னது. ரேசரைப் பிடிக்க முடியாததால் தாடி வளர்ந்தது. கால் விரலும் வீங்கிக்கொண்டதால் கேட் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்தான். யாராவது கை குலுக்க வந்தால் பயந்துபோய்க் கும்பிட்டான். வலி சுரீர் என்றால் கண்ணை மூடி "முருகா" என்றான். அது மட்டும் நூற்றுக்கு நூறு நிஜமான பக்தி.

கேன்டீன் கிழவி தாயாரம்மாள் அவன் தட்டிலிருந்த முட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"வெரதம் இருக்கறவனுக்கு முட்டை போட்டா பாவம் எனக்குய்யா."

முட்டை மோகன்ராஜின் தட்டுக்குப் போவதைப் பச்சையப்பன் கண் கலங்கப் பார்த்தான். அதையும் பக்திப் பரவசம் என்றார்கள். ஷிப்ட் முடிந்ததும் அவன் கையால் விபூதி வாங்க நாலு பேர் நின்றார்கள். ஒருத்தர் குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்.

ஜெபகுமார் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டார்.

"பச்சை, இன்னும் எத்தினி நாளு இங்க இருப்ப?"

பச்சையப்பன் வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். விரலைப் பார்த்துவிட்டார்!

"ரிட்டயர் ஆவற வரைக்கும் சார்!"

"வூட்டுல சம்சாரம் இதுக்கெல்லாம் ஒத்துக்கினாங்களா?"

"அவதான் சார் சனிக்கெழமை ஆனா நிக்க வெச்சு நடத்தறா."

ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். அந்த வாரம் ஒட்டிய பர்மனென்ட் லிஸ்டில் பச்சையப்பன் பெயர் இல்லை.

நோவு வெளியே தெரிந்துவிட்டது, அடுத்தது வேலையும் போகப் போகிறது என்று முடிவு கட்டினான் பச்சையப்பன். பக்திமானை வேலையை விட்டுத் தூக்க எவனுக்கும் மனசு வராது என்பது அவன் கணக்கு. ஆகவே கேன்டீன் நடுவில் நின்று, பங்குனி உத்திரத்துக்குக் குன்றத்தூர் மலைக்குக் காவடி எடுப்பதாக அறிவித்தான். மொத்த ஷிப்டும் "அரோகரா!" என்றது.

அலமு கரண்டியோடு வந்தாள். "காலு வீங்கிக் கெடக்கு, உனுக்குக் காவடி கேக்குதா? அது இன்னா உன் மாமனார் வூட்டுப் படியா, நீ ஏறி எறங்க?"

ஆனால் மாத்திரை, யாரிடமும் சொல்லாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பங்குனி பிறந்ததும் ஒரு காலையில் பச்சையப்பன் சட்டைப் பித்தானைத் தானே போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான்.

"அலமு! இங்க வாயேன்! மடங்குதுடி!"

அலமு அந்த விரலைப் பிடித்து ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சனிக்கெழமை மட்டும் மறந்துடாத" என்றாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

உத்திரத்தன்று குன்றத்தூர் மலை கூட்டம் கொள்ளவில்லை. பச்சையப்பன் காவடியோடு முதல் படியில் கால் வைத்தான். வலிக்கவில்லை. பத்துப் படி போனான். வலிக்கவில்லை. அதன் பிறகு அவன் ஏறினான் என்பதைவிட ஓடினான் என்பதே சரி. மோகன்ராஜ் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். உச்சியில் காவடியை இறக்கிவைத்துப் பச்சையப்பன் வாய்விட்டு அழுதான். சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஜெபகுமாரும் ஏறி வந்து ஓரமாக நின்றிருந்தார்.

தாயாரம்மாள் அவன் காலிலேயே விழுந்தாள்.

"தையில நொண்டிக்கினு கெடந்தவன், இன்னிக்கு மலை ஏறிட்டான்! எல்லாம் அவன் செயலு! நாளையிலேருந்து சக்கரை மாத்திரையக் குப்பையில போட்டுட்டு நானும் வேண்டிக்கப் போறேன்!"

பச்சையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெபகுமாரைப் பார்த்தான். தாயாரம்மாளைப் பார்த்தான். வேலை ஒரு பக்கம், கிழவியின் உயிர் ஒரு பக்கம்.

"யம்மா, மாத்திரையக் குப்பையில போட்டுடாத! ஏறுறதுக்கு தைரியம் குடுத்தது முருகன். கால் வீக்கத்த எறக்கினது மாத்திரை!" என்று கத்தினான். சட்டையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினான். நகத்தைக் காட்டினான். "சார், வேண்டுதலு, வெரதம், எல்லாம் பொய்யி. எனுக்கு மூட்டு நோவு. தொத்தாது. பெரிய ஆஸ்பத்திரில பாத்துக்கினு கீறேன். வேலைய உட்டுத் தூக்கணும்னா தூக்குங்க சார். ஆனா இந்தக் கை இனிமே எந்த வால்வையும் முறுக்கும்!"

ஜெபகுமார் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அடப்பாவி, வெறும் நோவுதானா? நீ குடும்பத்த உட்டுட்டு சாமியாரா பூடப் போறேன்னு லைனே சத்தியம் பண்ணுச்சேன்னுதானேய்யா லிஸ்ட்ல உன் பேர அடிச்சேன்!"