எதிர்வீட்டுக்காரரின் முதுகு

முனிசாமி மூன்றாவது தடவையாக அதே தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து நின்றார்.

ராமகுப்பத்தை விட்டுத் திருப்பதிக்கு மகன் வீட்டோடு வந்து ஒரு மாசம். இந்த லேஅவுட்டில் எண்பது வீடு. எண்பதுக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே கேட்டு. ஏழுமலையானே இறங்கி வந்தாலும் எது எவன் வீடு என்று திணறிப்போவார். போன வாரம் யார் வீட்டிலோ நுழைந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபியும் கேட்டுவிட்டார் முனிசாமி.

"இன்னொரு தபா வழி தப்பினா கேட்டுக்குப் பூட்டுதான் நைனா," என்று காலையில் மகன் கோபிகிருஷ்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்.

நாலு சுவருக்குள் டிவியைப் பார்த்தே சாவதா? யாரிடமாவது வழி கேட்டால் அவன் காதுக்குப் போய்விடும்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கோவர்த்தனன் கண்ணில் பட்டார். எழுபது வருஷமாக இந்த மண்ணிலேயே இருப்பவர். அப்பாடா! இவர் முதுகைப் பிடித்துக்கொண்டே போனால் வீடு வந்துவிடும்.

பின்னால் போனார். கோவர்த்தனன் சட்டென்று நின்றார். முனிசாமியும் நின்று வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இன்னா, வாக்கிங்கா?"

"ஆமா. நீங்க முன்னால போங்க."

"ஐயையோ, நீங்க போங்க."

இதென்ன இவ்வளவு மரியாதை? முனிசாமிக்குச் சந்தேகம் தட்டியது. வேண்டுமென்றே ஒரு சந்தில் திரும்பினார். அவரும் திரும்பினார். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். அவரும் குனிந்தார்.

அடப்பாவி! மகன்தான் வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறான். வழி தெரியாமல் முழிப்பதை இந்த மனுஷன் போய்ச் சொன்னால் பூட்டு உறுதி.

அவரைக் கழற்றிவிட, சென்னம்மா டீக்கடையில் புகுந்தார். அவரும் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். இவர் ஒரு டீ குடித்தால் அவரும் ஒன்று. நாலாவது டீயில் இருவருக்கும் வயிறு உப்பிப்போனது.

"கெளம்பலியா?" என்றார் முனிசாமி.

"நீங்க கெளம்புங்க, பின்னாலயே வரேன்."

பார்த்தீர்களா, வாயாலேயே ஒத்துக்கொண்டார்! கோவர்த்தனன் கை கழுவப் போன சமயம், முனிசாமி கடைக்காரியிடம் குசுகுசுத்தார்.

"இந்தாளு எம்மவன் வெச்ச ஆளாம்மா? உண்மையச் சொல்லு."

சென்னம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீங்க வேற பெரியவரே! மாந்தோப்பெல்லாம் வூடானதுலர்ந்து அவருக்கே அவரு வூடு தெரியறதில்ல. மவ திட்டுவான்னு பயந்துகினு, நீங்க எப்ப கெளம்புவீங்க, பின்னாலயே போய்டலாம்னு காத்துக்கினு கீறாரு!"