ஒழுகலைத் திருத்திய மேலாளர்

ஏணி வைக்காமல், தகரம் மாற்றாமல், ஓர் ஆணிகூட அடிக்காமல் கூரை ஒழுகலை நிறுத்திய ஒரே மகான் நம் நோட்டுப் புத்தகக் கிடங்கின் மேலாளர்தான். அவர் கையாண்ட ஒரே கருவி மவுஸ்.

கிடங்கில் கேமரா மாட்டிய நாள் முதலாகத் தலைமை அலுவலகம் எங்கோ தொலைவில் உட்கார்ந்து, பிரவுசரைத் திறந்து, கிடங்கைப் 'பரிபாலித்து' வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பார்ப்பார்கள். குறை ஏதும் கண்ணில் பட்டால் மேலாளரின் பதவி உயர்வு அம்போ. மூன்று வருடமாக வரப்போகும் உயர்வு அது. அவர் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டாள், பாவம்.

"சார், மூணாவது அடுக்குக்கு மேல ஒழுகுது. நோட்டெல்லாம் நனையுது. ரெண்டு தகரம் மாத்தினா போதும்" என்றார் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"தகரம் கேட்டா ஒழுகுதுன்னு தெரிஞ்சுடுமேம்மா!"

மேலாளர் பிரவுசரில் கேமராவின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், சுவரின் ஈரக்கறை காணாமல் போனது. துல்லியத்தைக் குறைத்தார், சொட்டும் போனது.

"சட்டியில இருக்கறதுதானே சார் அகப்பையில வரும்?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப அகப்பைக்கே செட்டிங்ஸ் இருக்கு."

மழை வலுத்தது. சொட்டு தாரையானது. மேலாளர் அசருவாரா? படத்தைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தி, தண்ணீர் கூரையை நோக்கிப் போகும் அழகைச் சற்று நேரம் ரசித்தார். அடுக்குகளும் தலைகீழாகத் தொங்கியதால் மனமில்லாமல் பழையபடி ஆக்கினார். அப்போதுதான், படத்தில் வேண்டாத இடத்தை மூடி மறைக்கும் 'அந்தரங்கம் காக்கும் கறுப்புக் கட்டம்' கண்ணில் பட்டது. கூரைக்கும் மானம் உண்டல்லவா! மூன்றாவது அடுக்கின் மேல் அழகாக ஒரு கட்டம் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்றவர்களுக்குப் பிரவுசர் பழக்கம் இருந்திருக்காது.

"கிடங்கு பளிச்சுன்னு இருக்கே!" என்று பாராட்டியது தலைமை அலுவலகம். மேலாளர் அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனார்.

தண்ணீருக்குத்தான் கணினி அறிவு போதவில்லை. அது உத்தரம் வழியாக ஓடி, மூலையிலிருந்த மேலாளரின் நாற்காலிக்கு மேல் வந்து சேர்ந்தது. அவர் குடையை விரித்தார். குடை தெரியக்கூடாதே? நாற்காலி, மேசை, குடை, தாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டாவது கட்டம் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. 'மேலாளர் இருக்கையில் ஆள் எவரும் காணப்படவில்லை. எனினும் கிடங்கு செவ்வனே இயங்குகிறது. ஆகவே அப்பதவி இதன்மூலம் நீக்கப்படுகிறது.'

மேலாளர் பதறிப்போய் போன் போட்டார்.

"ஐயா, நான் இங்கதான் இருக்கேன்! ஒழுகுது, அதான் குடை பிடிச்சுக்கிட்டு..."

"எங்க திரையில ஒழுகல் எதுவும் இல்லையே. நீங்களும் இல்ல."

மேலாளர் பையை எடுத்துக்கொண்டார். அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"சார், போறதுக்கு முன்னாடி இந்தக் கட்டத்தை எப்படி எடுக்கறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க."

காட்டினார். இரண்டு கிளிக். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் போன் அலறியது.

"என்னம்மா இது, அருவி மாதிரி ஊத்துது! இத்தனை நாள் இல்லாத ஒழுகல் இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஒழுகல் எப்பவும் இருந்துச்சுங்க ஐயா" என்றார் அக்கா. "அது உங்களுக்குத் தெரியாம இருக்கச் சம்பளம் கொடுத்து ஒருத்தரை வெச்சிருந்தீங்க. இன்னைக்குத்தான் அவரை வேணாம்னுட்டீங்க."