மகளை உறுப்பினராக்கப் போனவர்

மன்னிப்புக் கேட்காமலேயே மகளோடு சமாதானமாகிவிடுவது என்று லிஃப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார். முடிவு செய்த வேகத்தில் கொஞ்சம் பேஸ்ட்டையும் விழுங்கிவிட்டார்.

மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் புதிதல்ல. இருபத்தேழு வருஷமாக அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாதத்தில் நாலு தடவையாவது 'பராமரிப்புப் பணி, மன்னிக்கவும்' என்ற அட்டையைக் கதவில் தொங்கவிடுவார். அட்டைதான் கேட்கும், அவர் கேட்டதில்லை. ஊரையே ஏற்றி இறக்கத் தெரிந்த மனுஷனுக்குத் தான் இறங்கி வர மட்டும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றாள். கதவைத் திறந்தவர் "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டார். இனி அங்கே போகப்போவதில்லை என்று அவள் சொன்னாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊர் என்ன பேசும், கல்யாணத்துக்கு வந்த நானூறு பேர் என்ன நினைப்பார்கள் என்று பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கடைசியில், அவள் அழுவாள், வழிக்கு வருவாள் என்ற நினைப்பில், "அவனோட வர்றதா இருந்தா வா. தனியா வந்தா இங்கே உனக்கு இடம் இல்லை" என்றார்.

அவள் அழவில்லை. பெட்டியைத் திருப்பினாள். அவரே பழுது பார்த்த லிஃப்ட் எதிரில் திறந்தே நின்றது. அவள் படியில் இறங்கினாள். நாலு மாடி, எழுபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் பெட்டியின் சக்கரம் இடித்த சத்தம் அவருக்குக் கேட்டது.

மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்த்துப் பேசாததால் தன் பக்கம்தான் என்று லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த ஒரு தப்பை அவர் குறைந்தது முந்நூறு தடவை செய்திருப்பார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு விவாகரத்தும் கிடைத்துவிட்டது. வேறொரு ஊரில், பக்கவாதம் வந்து வாய் குழறிப்போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். ஊர்பேர் தெரியாதவர்களையெல்லாம் பேச வைப்பவள் அப்பாவிடம் பேசி மூன்று வருஷம். வாரம் ஒரு நாள் அம்மாவுக்கு ஃபோன் வரும். அப்போது லிஃப்ட்காரர் ரோஷமாக எழுந்து பால்கனிக்குப் போய், ஜன்னலுக்குப் பக்கத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். உள்ளே பேசுவது காதில் விழுகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார். மூன்று செடி அழுகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் கிடந்தது. விடுமுறை வீட்டுக் கம்பெனியின் கடிதம். மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு கடைவாசலில் யாரோ டை கட்டியவன் பேசிய பேச்சில் மயங்கி லிஃப்ட்காரர் சேர்ந்தது. வருஷத்துக்கு ஒரு வாரம், கம்பெனி வீடுகளில் எதில் வேண்டுமானாலும் தங்கலாம், இருபத்தைந்து வருஷத்துக்கு. எட்டு வருஷம் விடாமல் போனார்கள். எப்போதும் அதே ஏரிக்கரை வீடு. அந்த ஏரியில்தான் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, விட மாட்டேன் விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் கையை எடுத்துவிட்டார். அவள் நீந்திப் போனாள். அதற்கப்புறம் பரீட்சை, கல்லூரி, இவருக்கு லீவு இல்லை என்று அந்த வாரங்கள் வீணாகப் போயின.

வயது வந்த பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேர்க்கலாம், ஆனால் இனி எல்லோரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் சொன்னது. அந்தக் கடைசி வரியில்தான் லிஃப்ட்காரர் பேஸ்ட்டை விழுங்கினார். நேரில் வரவேண்டும். அவள் வருவாள். மூன்று நாற்காலி வரிசையாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு வார்த்தை. முடிந்தது. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம்.

மனைவியிடம் விஷயத்தை வேறு விதமாக அவிழ்த்துவிட்டார். இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறது, நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கும் இல்லாமல் போகும், பாசமெல்லாம் ஒன்றுமில்லை, இது நிர்வாகம் என்றார். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகம் பார்ப்பவள். கிழிந்த புத்தகம் ஒன்றுக்கு அட்டை ஒட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. முதலில் நீங்கள் போய் என்னென்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். சந்தேகமே படவில்லை, பாவம் என்று அவருக்கு மனைவி மேல் இரக்கம்கூட வந்தது.

வாரம் முழுக்க லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை. "சாப்பிட்டியா" என்பதைக் கண்டிப்பாக ஒரு தடவை, கனிவாக ஒரு தடவை, போகிற போக்கில் கேட்பதுபோல ஒரு தடவை. மூன்றாவது தடவையில் பின்னால் நின்ற ஏழாம் மாடி அம்மாள், "ஆச்சு சார், நீங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு ஏற்கெனவே மெம்பர்தானே சார்? மூணு வருஷமா."

இருக்காதும்மா, அதற்காகத்தானே வந்திருக்கிறேன் என்றார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மகளின் பெயர். தேதி, அந்தப் பெட்டி படியிறங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம். கீழே லிஃப்ட்காரரின் கையெழுத்து, சுழியோடு அப்படியே. அப்போது நேரில் வரவேண்டிய விதி இல்லை, கையெழுத்து வந்தாலே போதும் என்று அந்தப் பெண் விளக்கினாள். அவருக்கு நினைவு வந்தது. கேஸ் கம்பெனிக்கு, இன்ஷூரன்ஸுக்கு, குடியிருப்போர் சங்கத்துக்கு என்று மனைவி அப்போது ஒருநாள் ஒரு கட்டுக் காகிதம் நீட்டியிருந்தாள். டிவியில் ஆட்டம் கடைசி ஓவர். கண்ணை எடுக்காமல் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

அந்தப் பெண் மேலும் படித்தாள். மூன்று வருஷமும் ஒரு வாரம் தவறவில்லை. ஏரிக்கரை வீடு. இரண்டு பேர், அம்மாவும் பொண்ணும். அந்த வாரங்களில் மனைவி நூலகப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்வாள். பிரிந்ததைச் சேர்த்துத் தைக்கிற பயிற்சி என்பாள். அவர்தான் பஸ் வரைக்கும் பையைத் தூக்கிப் போய், ஜன்னலோர இருக்கையும் பிடித்துக் கொடுப்பார்.

"அப்போ நான்?"

"ஒரு அட்டைக்கு ரெண்டு பேர்தான் சார். பொண்ணுக்காக நீங்க விலகிக்கிட்டதா எழுதிக் கொடுத்திருக்கீங்களே." அவள் குரல் தழைந்தது. "எந்த அப்பாவும் இப்படிச் செஞ்சதில்லை. எங்க மேனேஜர் மத்தவங்களுக்கெல்லாம் உங்களைத்தான் உதாரணம் சொல்வார்."

விருந்தினராகச் சேர்ந்துகொள்ளலாம், உறுப்பினர் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கத்துவதற்கு வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"என்னை ஏமாத்திட்டே."

"ஆமா," என்றாள் மனைவி.

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் சண்டையை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாமே என்றார். கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு ஒரு இடம் வேணுங்க. யாராவது திறக்கட்டும்னு வாசல்ல நிக்காம, தானே சாவி போட்டுத் திறந்து போறதுக்கு. இங்கே இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. என் கையில இருந்தது வருஷத்துக்கு ஒரு வாரம். அதைக் கொடுத்தேன்."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று அவர் கேட்டார். கேட்கிற குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"முதல் வருஷம் கேக்கலை. ரெண்டாவது வருஷம் உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டா. போன வருஷம் ஒண்ணும் கேக்கலை. தண்ணியில இறங்கினா. உடனே ஏறி வந்து உக்காந்து அழுதா."

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். நீயும் மெம்பர்தானே, என்னை நீயே சேர்த்துவிடேன் என்றார். மாட்டேன் என்றாள். அந்தக் கடிதம் இரண்டு மாதத்துக்கு முன்பே அவள் பெயருக்கு வந்ததாம். அலமாரியில் வைத்திருந்து, அவர் அழுகின செடிக்கும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் கண்ணாடிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாளாம். இதுவரைக்கும் நான் கொண்டுவந்து விட்டேன், இனிமேல் நீங்களே போங்கள் என்று சொல்லி, எண்ணை அழுத்தி ஃபோனை அவர் கையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். "சொல்லும்மா" என்ற குரல். ஒத்திகை பார்த்த வார்த்தை வரவில்லை.

"பாப்பா, நான்தான்."

குழாய் நின்றது.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

"எதைச் சொன்னீங்க?" கோபமில்லை. பேச்சு வராதவர்களிடம் பேசிப் பழகிய நிதானம். முழு வாக்கியமும் வரும்வரை காத்திருக்கிற நிதானம்.

"உனக்கு இங்கே... இடம் இல்லைன்னு சொன்னது." ஃபோனை மறு காதுக்கு மாற்றினார். "ஏன் வந்தேன்னு உன்னை ஒரு வார்த்தை கேக்காததும் தப்பு. என்னை மன்னிச்சிரு."

எதிர்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன்ப்பா என்று அவள் சொன்னாள். வைத்துவிட்டாள். மனைவி துணியோடு இறங்கி வந்தபோது, லிஃப்ட்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினோரு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதம், ஏரிக்கரை வீடு, ஏழு நாள். உறுப்பினர்கள் இரண்டு பேர். விருந்தினர் ஒருவர், அவருடைய பெயர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். பெயருக்கு எதிரே 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். அதில் 'அம்மாவின் கணவர்' என்று இருந்தது.

மனைவியிடம் நீட்டிக் காட்டினார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் வைக்க அவருடைய வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த இடத்தைக் காலியாத்தான் விட்டிருந்தா. நான் கெஞ்சினதுல இதையாவது போட்டா."