இருபத்தெட்டு நாளுக்கு மூன்று நாள் ஊசி

மருத்துவர்களில் ஓர் இனம் உண்டு: 'இன்னும் ஒரே ஒரு குத்து' இனம். குழந்தைகள் வார்டில் செழித்து வளரும். அழுகிற குழந்தையின் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, புறங்கையைத் தட்டி, யார் கண்ணுக்கும் படாத நரம்பைக் கண்டுவிட்டதாகச் சொல்லி, குத்தி, தவறி, கொஞ்சமும் கூசாமல் அடுத்த கையைக் கேட்கும். நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? பிலிப்பைன்ஸில் எங்கள் சமார் தீவு மருத்துவமனைக்கு வாருங்கள். நான்தான்.

படித்த இனம் இது. பல நாள் மருந்து என்றால் முதல் நாளே மேற்கையில், வாரக்கணக்கில் தாங்கும் நீளக் குழாய் போட்டுவிட வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பாடம் நடத்தியவன் நான். கைதட்டினார்கள். வார்டுக்குத் திரும்பியதும் என்ன செய்தேன்? சின்ன ஊசிக்குழாயை எடுத்தேன். என் பணி முடியும்வரை மருந்து ஓடினால் போதும். அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். அவரும் நம் இனம்தானே!

நரம்பு கிடைக்காவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்? பணி நாளில் பன்சித் நூடுல்ஸ் தின்றால் வார்டில் தொல்லை நூடுல்ஸாக நீளும் என்பது எங்கள் மருத்துவர்களின் பெருநம்பிக்கை. மூடநம்பிக்கையை எதிர்த்துக் கட்டுரை எழுதும் நானே, ஊசி தவறிய நாளில் நர்ஸ் மெர்லிண்டாவின் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஜோவெலினுக்கு ஏழு வயது. இதய வால்வில் கிருமி. இருபத்தெட்டு நாள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், நரம்பு வழியே மருந்து போக வேண்டும். தவறினால் கிருமி வால்வை அரித்துவிடும். பன்னிரண்டாம் நாள் இரண்டு கையும் இரண்டு காலும் நீலம் பாரித்து வீங்கிவிட்டன. நண்பகல் மருந்து இரண்டு மணி நேரம் தாமதம். நான் கணுக்காலில் நரம்பு தேடிக் குனிந்திருந்தேன்.

நீளக் குழாய்க்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் என் கை தோற்றதாக ஆகிவிடாதா? குழந்தைக்கு எதற்கு மயக்க மருந்து என்று இரக்கம் பேசினேன். போன மாதம் மேயரின் பேரனுக்கு, இதில் பாதி நோய்க்கு, வந்த அன்று காலையே நீளக் குழாய் போட்டோம். பாவம், திரும்பத் திரும்பக் குத்தினால் அந்தக் குழந்தை அழுமாம். பொது வார்டுக் குழந்தைக்கு அழுகை வலிக்காது என்று எந்தப் புத்தகத்தில் படித்தோமோ!

மகளைப் பிடித்துக்கொண்டிருந்த நெனிதா சந்தையில் கருவாடு விற்பவள்; வார்டில் எல்லாத் தாய்மாரையும் போல எங்களுக்கு 'மம்மி'. என்னைக் கேட்டாள்:

"டாக், மருந்து எத்தன நாளைக்கு?"

"இருபத்தெட்டு நாள், மம்மி."

"இந்த ஊசி எத்தன நாள் தாங்கும்?"

"மூணு நாள். தப்பினா நாலு."

"அப்ப மொத நாளே இது பத்தாதுன்னு தெரியும்ல?"

பத்து வருடப் படிப்பில் யாரும் என்னிடம் இவ்வளவு எளிய கணக்குக் கேட்டதில்லை. மெர்லிண்டா தொலைபேசியை என் காதருகே நீட்டினார்.

"மயக்க டாக்டர் லைன்ல இருக்காங்க. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக். வாய் ஒண்ணும் சுளுக்கிக்காது."

சொன்னேன். நாற்பது நிமிடத்தில் குழாய் ஏறியது. மருந்து ஓடியது.

மறுநாள் காலை என்னைக் கண்டதும் ஜோவெலின் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

"தெனமும் இதத்தான சொன்னீங்க, டாக்."

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஊசி பிடிக்கும் தொழில் உங்களுக்கு இல்லைதான். ஆனால் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ வீட்டிலோ, உங்கள் பழைய வழியே சரி என்று மறுபடியும் நீங்கள் நிரூபிக்கக் கிளம்பும்போது, எதிரில் இருப்பவர் கையை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள்.