மூன்றுக்கு இரண்டரை

ஒரே வயிற்றில் பிறந்தும் அக்காவின் அளவறியாத தம்பிக்கு, ஆசியும் ஆற்றாமையும் கலந்து உன் தமக்கை வரைவது. நீயும் உன் மனையாளும் நலமென நம்புகிறேன். என் நலத்தை எந்த அளவுகோலால் அளந்து சொல்வதென்று விளங்கவில்லை.

எவர் தயவுமின்றி எழுத்தும் இலக்கணமும் கற்றுக்கொண்ட என்னை, என் மகனின் இந்த வீட்டு மீட்டரும் கிராமும் மீண்டும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டன. வந்த வாரமே காய்ச்சல்; மகன் வைத்த தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டிற்று. வாழ்நாள் முழுதும் தொண்ணூற்றெட்டில் நின்ற உடம்பு முப்பத்தெட்டுக்கு இறங்கியதெனில் உயிர் ஏற்கெனவே போய்விட்டதென்று கருதி, பீரோ சாவியை மருமகளிடம் ஒப்படைத்தேன். காய்ச்சல் போயிற்று; சாவி திரும்பவில்லை. பிறகு என் புத்தகங்களுக்கு அலமாரி செய்விக்க எண்ணிச் சன்னலோரச் சுவரை அளந்தேன். அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். நாற்காலியில் ஏறி உயரம் அளக்கையில் டேப் சென்டிமீட்டர்ப் பக்கம் புரண்டதை அறியாமல் நூற்றெண்பது என்று குறித்து, இரண்டையும் வெறும் எண்களாய் எழுதிக் கொடுத்தேன். தச்சர் இரண்டையும் சென்டிமீட்டராகக் கொண்டு, நெட்டையாய் ஒல்லியாய் ஒன்றைக் கொணர்ந்து நிறுத்தினார்.

“நீங்க சொன்ன அளவுதாம்மா அறுத்தேன்.”

“தொடப்பம் வைக்க கரெக்டா இருக்கும் அத்தை” என்றாள் மருமகள். வைத்தும்விட்டாள்.

“விடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றான் மகன். என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் மூட்டையாய்க் கிடக்கின்றன.

ஆதலால்தான் எனக்கும் அவற்றுக்கும் ஓரிடம் வேண்டி உனக்கு எழுதினேன். நேற்று வந்தது உன் பதில்: “ரூம் மூணுக்கு ரெண்டரை. உனக்குத் தாராளம்க்கா.” அடேய், மூணடியில காலை நீட்ட முடியுமாடா? நாயைக் கட்டினாக்கூட வாலை வெளியில விடணுமே! இடுப்பு ஒடிய உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு உன் வீட்டுல இவ்வளவுதானா இடம்? பொறுத்தருள்க, நடை தவறிற்று. உன் தாராளம் எனக்கு வேண்டா. இங்கேயே துடைப்பத்துக்குத் துணையாயிருப்பேன்.

உன் இல்லம் அங்குலம் அங்குலமாய்ச் செழிக்க வாழ்த்தும்,
தமக்கை.

பி.கு.: உறையில் இடுமுன் மருமகள் எட்டிப் படித்தாள். அது அடியன்று, மீட்டராம்; ஏறத்தாழப் பத்தடிக்கு எட்டடியாம். மேற்கண்ட வசைகள் யாவும் திரும்பப் பெறப்படுகின்றன, புறப்பட்டு வருகிறேன். கிராம் என்றால் என்னவென்று கேட்டபோதெல்லாம் “அப்புறம் சொல்றேன் அத்தை” என்றவள், இதை மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, படம் போட்டு விளக்கினாள். பரண்மேலிருந்த என் பெட்டியையும் அவளே இறக்கிவிட்டாள். சாவியைப் பற்றிப் பேச்சில்லை.