வள்ளம் இழுக்கப் போன குட்டி டிராக்டர்

சனிக்கிழம காலைல எனக்கு இருந்தது ஒரே வேலை. மச்சானோட வள்ளத்தக் கரையேத்தணும்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன் சேவியர். தருவைகுளத்துல கடலுக்குப் போறவர். வள்ளத்துக்கு அடில விரிசல் விட்டுத் தண்ணி ஏறுது. மணல்ல இழுத்துப் போட்டாத்தான் ஒட்ட முடியும். ஒட்டுற வரைக்கும் தொழில் கிடையாது.

வழக்கமா உப்பளத்து அண்ணாச்சி ஒருத்தர் பெரிய டிராக்டரக் கொண்டுவந்து இழுத்துக் குடுப்பார். அன்னைக்கு அவருக்கு உப்பு லோடு. முடிச்சிட்டு வாரேன்னு சொல்லியிருந்தார்.

பொறுத்திருக்கலாம். ஆனா முருங்கைத் தோட்டத்துக்குன்னு நான் புதுசா ஒரு குட்டி டிராக்டர் வாங்கியிருந்தேன்ல. ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒரு கிளை ஒடியாமப் போயிட்டு வரும். டீசலும் கொஞ்சமாத்தான் குடிக்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மச்சான் ஏற்கனவே பல தடவ கேட்டுட்டார். அன்னைக்கும் கேட்டார். பெரிய டிராக்டரெல்லாம் வெறும் பந்தான்னு கூடுதலா ஒரு வார்த்தையும் சொல்லி வச்சேன்.

பாவம், தங்கச்சி மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு சரின்னுட்டார்.

கயித்த நானே கட்டினேன். இழுவை நல்லா இருக்கட்டும்னு டிராக்டருக்குப் பின்னாடி கொஞ்சம் உசரமாவே கட்டினேன். கியரப் போட்டு கிளச்ச விட்டேன்.

வள்ளம் அசையல. முன் சக்கரம் ரெண்டும் மேல எந்திரிச்சிருச்சு. எதிர்ல நின்ன தென்னை மரத்தக் காணல, வெறும் வானம்தான் தெரியுது. பதறிப் போய் கிளச்ச மிதிச்சேன். தொம்னு இறங்குச்சு. பல்லு எல்லாம் இருக்கான்னு நாக்கால தடவிப் பாத்துக்கிட்டேன்.

வலை பிரிச்சிட்டிருந்தவங்க எல்லாம் வேலைய விட்டுட்டு வந்துட்டாங்க. கயித்தத் தாழக் கட்டணும்னாங்க. முன்னாடி பாரம் வேணும்னு மூணு பேரு பானட்ல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. எனக்கு முன்னாடி இருக்கிறது தெரியல. இருந்தாலும் ஓட்டினேன்.

சக்கரம் நல்லாத்தான் சுத்துச்சு. கொஞ்ச நேரத்துல மச்சான் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னார்.

"மாப்ள, வள்ளம் நகரல. நீங்கதான் கீழ போறீய."

குனிஞ்சு பாத்தேன். பின் சக்கரம் பாதிக்கு மேல மணலுக்குள்ள.

அந்த நேரம் பாத்து அண்ணாச்சியோட டிராக்டர் வருது. அவர் என் வண்டியப் பாத்தார், என்னையப் பாத்தார். இது தோட்டத்துல ஓட்டுற சாமான் தம்பி, இதெல்லாம் கடக்கரைக்கு ஆகுமான்னு கேட்டார்.

வள்ளத்தோட சேத்து உங்க வண்டியையும் இழுத்துருதேன்னுட்டு, பெருந்தன்மையா தன் டிராக்டர ஈர மணல் வரைக்கும் ரிவர்ஸ்லயே கொண்டு வந்தார். அங்க நிறுத்தினார். நின்ன டிராக்டர் அப்படியே இறங்க ஆரம்பிச்சிருச்சு. திரும்ப எடுக்க எஞ்சின முறுக்கினார். முறுக்க முறுக்க, அச்சு மணல்ல முட்டுற அளவுக்குப் போயிருச்சு.

இப்பமும் நாங்க சும்மா இருக்கல. வெயிட்டுதான் உங்க வண்டிய அமுக்குதுன்னேன் நான். வெயிட்டு இல்லாததுனாலதான் உங்க வண்டி சறுக்குதுன்னார் அவர். பேசிட்டிருக்கும்போதே கடல் தண்ணி ஏறி அவர் டயரத் தொட்டுச்சு. அப்பதான் ரெண்டு பேரும் வாய மூடினோம்.

எங்க வீட்டுக்காரி எஸ்தர் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு வந்தா. ஒரு வள்ளம், ரெண்டு டிராக்டர், மூணும் வரிசையா மாட்டிக் கிடக்கு. வாளியக் கீழ வச்சிட்டு என்னையப் பாத்து ஒண்ணுதான் கேட்டா.

"இனி எதக் கொண்டுவந்து மாட்ட வைக்கப் போறீய?"

மச்சான் யாருக்கோ போன் போட்டு ஒரு ஜேசிபி வரவச்சார். அந்த டிரைவர் மணல்ல கால் வைக்கவே இல்ல. கெட்டித் தரையிலயே நிறுத்தி, நீளக் கயிறு போட்டு முதல்ல வள்ளத்த இழுத்தார். நோகாம வந்துச்சு. அடுத்து என்னோடது. தொட்டதும் வந்துருச்சு. அண்ணாச்சி வண்டியச் சுத்தி ஊரே கூடி மண்ணத் தோண்டி, இருட்டுற நேரத்துலதான் வெளிய எடுத்தோம்.

இப்ப யாராவது, சின்ன டிராக்டர் வாங்கலாமா பெரிசு வாங்கலாமான்னு என்கிட்ட கேட்டா, யோசிக்காமச் சொல்லுதேன்: சின்னதே வாங்குங்க, மாட்டிக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்.