காற்று இறங்கிய ஜீப்

உலகத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும், ஜீப்பை மட்டும் மாமியார் ஊர்த் திருவிழாவுக்குக் கொடுப்பதில்லை என்று அழகன் முடிவு கட்டிவிட்டான். முடிவு கட்டியது மனதுக்குள். சத்தமாகச் சொல்ல முடியாதபடி வீட்டில் மனைவி சண்முகவடிவு இருந்தாள்.

கந்தப்பளையிலிருந்து லீக்ஸும் கரட்டும் கொழும்புக்கு ஏற்றி அனுப்பிச் சம்பாதித்த ஜீப் அது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்ததுதான். இருந்தாலும் ஊரில் அதைவிடப் பெரிய வண்டி கிடையாது. ஆள் குள்ளமாக இருந்தால் வண்டியாவது உயரமாக இருக்க வேண்டாமா? விடிந்ததும் மஞ்சள் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவான்.

வண்டிக்கு ஒரு சீக்கு இருந்தது. மற்ற வண்டிகளுக்கு இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதற்குக் காற்றடைத்த ரப்பர்ப் பை. காத்து ஷொக் என்பார்கள். ரப்பர் நைந்து போய், இரவெல்லாம் காற்றுக் கசிந்து, காலையில் பார்த்தால் ஜீப் வயிறு தரையில் தட்ட உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருகினால் உள்ளே ஒரு பம்பு முனகி முனகிக் காற்றடிக்கும். முதலில் பின்பக்கம் எழும்பும், பிறகு முன்பக்கம். அக்கம்பக்கத்தார் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அழகனுக்கு இதில் வெட்கமே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது ஏறிக்கொண்டால்தான் அவனுக்குக் கால் எட்டும்.

வடிவுக்கு ஒரு நேர்த்திக்கடன். தங்களுக்கென்று ஒரு வண்டி வந்தால் முதலில் அதில் அம்மனைத்தான் ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். ராகலைக்கு அப்பால் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மரத்தேர் கிடையாது. ஒரு டிராக்டரையோ லொறியையோ பிடித்து, வாழைமரம் கட்டித் தேராக்கி, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு அம்மனை லயம் லயமாகக் கொண்டுபோவார்கள். ஒருமுறை வண்டி கொடுத்தவனை அந்தத் தோட்டம் பிறகு எந்த வருஷமும் சும்மா விட்டதில்லை. வாழைமரத்தைக் கட்டுக்கம்பியால்தான் கட்டுவார்கள். கம்பி உரசினால் பெயின்ட் என்னாவது?

"ஷொக்க மாத்தினா போதும்லங்க?" என்றாள் வடிவு.

"மாத்தலாம். ஆனா ஜப்பான்லேருந்து வரணும். நடு ரோட்டுல அம்மனோட உக்காந்துருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் முகம் வாடியது. அழகனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பெயின்ட்டை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஷொக்குக்கு அவன் சொல்லியனுப்பவே இல்லை. பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே. திருவிழாவுக்கு முந்தின வாரம் ஜீப்பை நுவரெலியாவில் நஸாரின் கராஜில் கொண்டுபோய் விட்டான். வாசலில் நின்றால் வடிவு அதைப் பார்த்துப் பார்த்து எதையாவது யோசிப்பாள். அவள் வந்து கேட்டால் காத்து ஷொக் வரவில்லை என்று மட்டும் சொல்லும்படி நஸாரிடம் கேட்டுக்கொண்டான்.

ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் நஸார் தாடியைத் தடவினார். "நான் பொய் பேசுற ஆளில்ல மொதலாளி. காத்து ஷொக் வரல்லதானே, அத அப்பிடியே சொல்றேன்."

இப்படியொரு மூளை தனக்கு இருப்பது ஊருக்குத் தெரியவில்லையே என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழகன் வருத்தப்பட்டான்.

மறுநாள் அம்மனுக்குப் பட்டு வாங்க என்று வடிவு நுவரெலியாவுக்குப் போய் வந்தாள். கராஜிலும் விசாரித்தாளாம். காத்து ஷொக் வரவில்லையாம்.

"நாந்தான் சொன்னேனே" என்றான் அழகன்.

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சண்டை போடாமல் சரி என்று சொன்னதே அபூர்வம். வேறு யாராவது என்றால் அந்த நேரமே பயந்திருப்பான். அழகன் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

திருவிழாவன்று இருவரும் பஸ்ஸில் போனார்கள். வடிவின் மடியில் ஒரு துணிப்பை, உள்ளே தட்டையாக ஏதோ கனத்தது. பூசைச் சாமானா என்று கேட்டான். தேவைப்படும் என்று எடுத்து வந்ததாகச் சொன்னாள்.

தோட்டத்து வளைவில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. பிறகு அம்மன் வந்தாள். அம்மனுக்குக் கீழே அழகனின் ஜீப் வந்தது. முன்னெப்போதும் இல்லாத உயரத்தில், இரண்டு பக்கமும் கட்டுக்கம்பி இறுக்கிய வாழைமரங்களோடு. ஓட்டியது வடிவுடன் பிறந்த மச்சான். பக்கத்தில் கையில் ஸ்பேனரோடு நஸார் நடந்து வந்தார்.

அழகன் அவரைத்தான் பிடித்துக்கொண்டான். "நானா, ஷொக் வரலன்னு சொன்னீங்களே?"

"இன்னும்தான் வரல்ல மொதலாளி. தங்கச்சி வந்து, காத்தே வேணாம், லொறிக்குப் போடுற மாதிரி இரும்பு ஸ்பிரிங் போட்டுருங்க நானா எண்டு சொன்னா. நீங்க ஸ்பிரிங் போட வேணாமெண்டு சொல்லல்லயே. இனி ஒங்க ஆயுசுக்கும் உக்காராது."

கத்துவதற்கு அழகன் வாயைத் திறந்தான். அதற்குள் பூசாரி வந்து அவன் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டார். இனி வருஷா வருஷம் அழகன் முதலாளியின் ஜீப்தான் அம்மனுக்குத் தேர் என்று மைக்கில் சொன்னார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். வடிவு கைகூப்பி, கண்ணீர் வழிய நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அழகன் பார்த்ததில்லை. அவனுக்கும் நெஞ்சு இளகிவிட்டது. காட்டிக்கொண்டால் மரியாதை என்னாவது என்று முறைத்தபடியே நின்றான்.

மிச்சமிருந்த மரியாதையையாவது காப்பாற்ற வேண்டும். மச்சானை இறங்கச் சொன்னான். தன் வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

காலைத் தூக்கினான், எட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினான். பரிவட்டம் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியது. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். தோட்டமே காத்திருந்தது.

வடிவு பக்கத்தில் வந்தாள். துணிப்பையிலிருந்து, வீட்டுக் குசினியில் உட்கார்ந்து சமைக்கும் மணைக்கட்டையை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"நஸார் நானாகிட்ட ஒயரம் கேட்டுத்தாங்க கொண்டாந்தேன். ஏறுங்க."